அக்கா வீட்டுக்குப் போன சாக்குகள்

என் அக்காவுக்குப் புடவையைவிடச் சாக்குதான் பிடிக்கும். பொங்கல் சீரோடு நான் போய் நின்றால் புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்துவிடுவாள். சாக்குக் கட்டை மட்டும் அங்கேயே உட்கார்ந்து பிரிப்பாள். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். "புடவைய ஒரு தடவையாவது பிரிச்சுப் பாத்தியா நீ?" என்று கேட்டால், "புடவையா எனக்குச் சோறு போடுது? சாக்குதான்டா போடுது" என்பாள்.

அது வெறும் பேச்சில்லை. பர்கூரைத் தாண்டி, கிரானைட் குவாரிகளையும் தாண்டி உள்ளே போனால் வரும் ஓர் ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா லாரி ஓட்டினார். மகளுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே நெடுஞ்சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சாமல்பட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி அம்மா அழுது பார்த்தாள். அக்கா வரவில்லை. புளியைப் பிடித்துக்கொண்டாள். தை முடிந்ததும் மரங்களை உலுக்கிப் புளியைக் கொண்டுவந்து குவிப்பார்கள். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, சுளையைச் சாக்கில் அமுக்கிக் கட்டிக் கொடுக்க வேண்டும். சொந்தமாகச் சாக்கு வைத்திருப்பவள் வீட்டில்தான் வியாபாரி முதலில் புளி இறக்குவார்.

அந்த வருடம்தான் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. லாரிக்கும் பஸ்சுக்கும் பிரேக் லைனிங் செய்யும் தொழிற்சாலை. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பட்டை அது. அதற்குள் போவது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பஞ்சு என்போம். கப்பலில் வந்த பஞ்சு, வெள்ளை நைலான் சாக்கில் அமுக்கி அடைத்திருக்கும். சாக்கைத் திறந்து மிக்சரில் கொட்டுவது என் வேலை. கூட நின்றவர்கள் கத்தியால் குறுக்கே ஒரு கீறு கீறிக் கவிழ்த்துவிடுவார்கள். நான் மட்டும் வாய்த்தையலில் நூல் முனையைத் தேடிப் பிடித்து, ஒரே இழுப்பில் உருவுவேன். அப்படி உருவினால்தான் சாக்கு முழுசாக நிற்கும். "இவன் சாக்குக்கு வலிக்கும்னு பாக்கறான்" என்று கிண்டல் செய்வார்கள். நான் அக்காவுக்குப் பார்த்தேன்.

காலி சாக்கை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் போட்டுத் தருவார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் பன்னிரண்டு சாக்கை நன்றாக அமுக்கிச் சுருட்டிக் கட்டுவேன். புடவை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, சாக்குக் கட்டு. கிருஷ்ணகிரியில் பஸ் மாறி இத்தனையையும் தூக்கிக்கொண்டு போனால் கண்டக்டர் முறைப்பார். எனக்கோ ராஜா வீட்டுச் சீர் தூக்கிப் போகிற நினைப்பு.

அந்தச் சாக்குகளை அக்கா துவைக்க மாட்டாள். ஈரம் இருந்தால் புளி பூசணம் பிடித்துவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி உதறுவாள். பிறகு வாசல் கல்லில் பளார் பளார் என்று அடிப்பாள். வெள்ளையாகத் தூசு கிளம்பும். முடி, புருவம், ரவிக்கை எல்லாம் நரைத்துப்போய்ச் சிரிப்பாள். "பாருடா, எனக்கு வயசாயிடுச்சு" என்பாள். "மாவு மில்லுல உழுந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கே" என்பேன் நான். அதற்கு அவள் வைத்த பெயர் கம்பெனி பவுடர். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்கிறது, காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் மகள் அந்தச் சாக்குகளுக்கு நடுவில்தான் வளர்ந்தாள். புளி தட்டும் பெண்களின் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துப் போட்டால் அங்கேயே தூங்கிவிடுவாள். கொஞ்சம் பெரியவளானதும் சாக்குக்குள் இறங்கி, விளிம்பை இரண்டு கையாலும் இடுப்புவரை பிடித்துக்கொண்டு வாசல் முழுக்கக் குதிப்பாள். நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்தில் முதல் பரிசு வாங்கினாள். ஒரு எவர்சில்வர் டம்ளர். மற்றப் பிள்ளைகள் சணல் சாக்கில் தடுக்கி விழ, இவள் என் நைலான் சாக்கில் வழுக்கிக்கொண்டு போய் ஜெயித்தாளாம். "மாமா குடுத்த சாக்குலதான் ஜெயிச்சேன்" என்று டம்ளரை என்னிடம் நீட்டினாள். அதில் எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

பதினான்கு பொங்கல் அப்படிப் போனது. அதற்குள் அம்மாவும் இறந்துவிட்டாள். அப்புறம் தாய்வீடு என்றால் அக்காவுக்கு நான்தான்.

ஒரு நாள் தொழிற்சாலையில் எங்களை எல்லாம் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். இனி கல்நார் வராது, வேறு நாருக்கு மாறுகிறோம், கையிருப்பு தீரும்வரை முகமூடி போடாமல் யாரும் மிக்சர் பக்கம் போகக் கூடாது என்றார்கள். திரையில் நுரையீரல் படம் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரியான இழைகள் மூச்சோடு உள்ளே போய்க் குத்தி நிற்கும், உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது என்று வந்தவர் சொன்னார். நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகலாம் என்றார். நான் என் நெஞ்சைத் தடவிக்கொண்டேன். ஊருக்குப் போகிற பஸ்சில்தான் அக்காவின் நரைத்த புருவம் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறே பர்கூர் போனேன். மேலே அட்டத்துப் பரணில் இருந்தது, புளி அடைத்தது, அடைக்காதது என்று அவள் வீட்டில் இருந்த அத்தனை வெள்ளைச் சாக்கையும் பொறுக்கி, கிணற்று மேட்டில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். கேட்டதற்கு, "நைலான் மக்கிப்போச்சுக்கா, புளியில ஒட்டும்" என்று ஒரு பொய் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "குடுத்த சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போற மொத ஆளு ஒலகத்துலயே நீதான்டா" என்றாள். மறுவாரம் கிருஷ்ணகிரி சந்தையில் புதுச் சணல் சாக்கு வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பயத்தை மண்ணுக்குள் போட்டு மூடிவிட்டு, அதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கலாம். மூச்சு வாங்கினால் உடனே சொல் என்றாவது சொல்லியிருக்கலாம்.

மூச்சு வாங்க ஆரம்பித்தது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதில். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு எடுத்தார்கள். எடுக்க எடுக்க ஊறியது. நம் பக்கத்தில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அவளுக்கும் அந்த மாத்திரைகளைத்தான் கொடுத்தார்கள். எட்டு மாதம் முழுங்கினாள். ஆரஞ்சு நிறத்தில் மூத்திரம் போகிறது என்று சிரித்தபடி போனில் சொல்வாள். எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. நானும் மாத்திரையை விட்டுவிடாதே என்றுதான் சொன்னேன். கல்நாரைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் ஓசூருக்குக் கூட்டிவந்து பாகலூர் ரோட்டில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். விலா எலும்புக்கு நடுவே சின்னதாகத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, சதை எடுத்துப் பார்த்தார்கள். மீசோதெலியோமா என்றார்கள். நுரையீரலைச் சுற்றி இருக்கும் மெல்லிய உறையில் வருகிற புற்றுநோய். அதிலும் இரண்டு வகை அணுக்கள் கலந்த ரகம். ஒரே வகையாக, சாதுவானதாக இருந்தால் மருந்துக்குக் கொஞ்சம் மசியும், கலப்பு ரகம் முரண்டு பிடிக்கும் என்றார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேரே வாயில நுழையலையே, இது எப்பிடி என் நெஞ்சுல நுழைஞ்சுது?" என்றாள்.

இந்த நோயை ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் மருத்துவர் அங்கே இருந்தார். என் அக்கா மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர் இருப்பார். கன்னடக்காரர், தமிழ் தட்டுத் தடுமாறி வரும். அவர்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். உறையில் போய்ச் சேரும் இழையை உடம்பு எதிரி என்று நினைத்து வருடக்கணக்கில் சண்டை போடுகிறது. அந்த ஓயாத சண்டையில் அங்கிருக்கும் அணுக்களின் மரபணு கெட்டுப்போகிறது. கட்டிகள் வராமல் காவல் காக்கும் சில மரபணுக்கள் இருக்கின்றன, அதில் ஒன்று பிறக்கும்போதே பழுதாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. ஒரே தூசைச் சுவாசித்தவர்களில் ஒருவருக்கு ஏன் வருகிறது, இன்னொருவருக்கு ஏன் வருவதில்லை என்பது இன்னும் முழுசாகத் தெரியவில்லை. மருந்து என்று பார்த்தால், இரண்டு கீமோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பழைய வழி. உடம்பின் சொந்தக் காவலைத் தட்டி எழுப்பிக் கட்டியோடு மோதவிடும் மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. கட்டி உயிர்வாழத் தேவையான ஒரு சத்தை ரத்தத்தில் இல்லாமல் செய்து அதைப் பட்டினி போடும் மருந்தையும் சோதித்து வருகிறார்கள். "நாள்களைக் கூட்டுறோம் சார். முழுசா குணம் பண்றது இன்னும் நம்ம கையில இல்ல" என்றார். அவர் அப்படி மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, வலிக்கவும் செய்தது.

என்னையும் என் மனைவியையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மனைவிக்கு ஒன்றுமில்லை. எனக்கு உறையில் சில தழும்புகள், அவ்வளவுதான். பதினான்கு வருடம் மிக்சர் பக்கத்தில் நின்ற எனக்குத் தழும்பு, வருடத்துக்குப் பன்னிரண்டு சாக்கு உதறியவளுக்குப் புற்று. கடவுளைத் திட்டத் தோன்றியது. திட்டினேன்.

அக்காவின் சதையையும் ரத்தத்தையும் ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதம் கேட்டார்கள். "எடுத்துக்கட்டும், நான் வெச்சு என்ன பண்ணப் போறேன்" என்று கைநாட்டு வைத்தாள். அதோடு ஒரு நீண்ட கேள்விப் படிவம். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலையில் வேலை செய்ததுண்டா? இல்லை. குவாரியில்? இல்லை. வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? ஓட்டு வீடு. சொந்தத்தில் யாராவது கல்நார் புழங்கும் இடத்தில் வேலை செய்தார்களா?

"தம்பி பிரேக்கு செய்யற கம்பெனியில இருக்கான். அவன் ஓசூரு, நான் பர்கூரு" என்றாள் அக்கா.

"அங்கிருந்து துணி, சாமான், சாக்கு ஏதாவது உங்கள் வீட்டுக்கு வந்ததுண்டா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று கன்னடத்துக்கு மாறினாள். பெங்களூர் புளி வியாபாரிகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிப் பழகிய கன்னடம் அது. ஒன்றும் வந்ததில்லை அம்மா, தாய்வீட்டிலிருந்து புடவையும் அரிசியும் வரும், என் தம்பி கை சுத்தமான ஆள், கம்பெனிச் சாமான் எதையும் தொட மாட்டான் என்று மளமளவென்று சொல்லி முடித்தாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அப்போது முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. என் வாழ்க்கையில் என்னையே நான் அருவருத்த கணம் ஒன்று சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

காரணம் தெரியவில்லை என்று படிவத்தில் எழுதினார்கள்.

நாங்கள் எழுந்தபோது மருத்துவர் பொதுவாக ஒன்று சொன்னார். காரணம் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் கூட இருந்தவர்கள் பெயரையும் குறித்து வைத்துக்கொள்வோம் என்றார். இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தேறிய சோதனை எதுவும் இன்னும் இல்லை. ஆனால் கோப்பில் ஒரு வரி இருந்தால் போதும், நாளைக்கு அவர்களுக்கு மூச்சு வாங்கினால் எந்த மருத்துவரும் மாதக்கணக்கில் வேறு மாத்திரை கொடுத்துக் காலத்தைத் தொலைக்க மாட்டார் என்றார். எனக்குச் சாக்குக்குள் குதித்துக்கொண்டு வரும் நாலாம் வகுப்புப் பிள்ளை தெரிந்தது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா கேழ்வரகுக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, அந்தச் சாக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா."

"எப்போலருந்து?"

"நீ கிணத்து மேட்டுல குழி வெட்டினயே, அன்னையிலருந்தே. குடுத்த சீரை எவனாவது எடுத்துப் பொதைப்பானா? என்னமோ இருக்குன்னு அன்னைக்கே நெனச்சேன். டாக்டரம்மா கல்நாரு, சாக்குன்னு கேட்டப்ப என்னன்னு புரிஞ்சுது."

"அப்பறம் ஏன்க்கா இல்லைன்னு சொன்னே?"

கஞ்சியைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, விட்டு விட்டுத்தான் பேசினாள். "எங்கம்மா ஊட்டுச் சீருதான் என்னைக் கொன்னுதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? அந்தச் சாக்கு இல்லைன்னா அந்த ஊர்ல நானும் எம்பொண்ணும் நாலு ஊட்டுல பாத்திரம் தேச்சிருப்போம். நீ தூக்கிட்டு வந்து போட்டே, நான் தலை நிமுந்து நின்னேன். அதை ஒரு காயிதத்துல தப்பா எழுத உட மாட்டேன்."

"உம்பொண்ணும் அதுலதானே வளந்தா. அவளுக்காகவாவது சொல்லணுமே."

அவள் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். மகளைப் பற்றி அவள் யோசிக்காமல் இல்லை. அவள் வேறு மாதிரி யோசித்திருந்தாள். "அவளுக்கு அப்பன் இல்ல, கூடப் பொறந்தவன் இல்ல. நாளைக்கு நானும் இல்ல. எனக்கப்பறம் அவளுக்குத் தாய்வீடு நீதான்டா. புருசன் ஊட்டுல ஒரு பேச்சு வந்தா வந்து நிக்கறதுக்கு உன் வாசப்படிதான் இருக்குது. உன்னால அம்மா போயிட்டான்னு தெரிஞ்சா அவ அந்தப் படி ஏறுவாளா? நோவு வருதோ வரலையோ, அது யாருக்குத் தெரியும். வாசப்படி போனா போனதுதான்."

என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கீமோவில் முடி மெலிந்து மண்டை சுட்டது. நான் கையை எடுக்கவில்லை. அதையே சத்தியமாக எடுத்துக்கொண்டு மறுபடி கஞ்சியைக் குடித்தாள்.

கீமோ கொஞ்ச நாள் கேட்டது. நீர் ஊறுவது குறைந்து, பாகலூர் ரோட்டுக் காய்கறிக் கடைவரை நடந்து போய்க் கடைக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசிவிட்டு வந்தாள். பிறகு கட்டி மறுபடி வளர்ந்தது. காவலைத் தட்டி எழுப்பும் மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள், உடம்பு தாங்கவில்லை. பட்டினி போடும் மருந்தின் சோதனையில் சேர்க்கும் அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை. கடைசி வாரங்களில் சாய்ந்து படுக்க முடியாமல் தலையணை மேல் கவிழ்ந்து உட்கார்ந்தே இருந்தாள். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். மகளைப் பாகலூரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. முதுகைத் தடவும் மகளுக்கு மேலாக அக்கா என்னைப் பார்ப்பாள். சொல்லிவிடாதே என்கிற பார்வை. ஐப்பசியில் ஒரு காலை வேளையில் என் வீட்டில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுநாளே நான் பெங்களூர் பஸ் ஏறினேன். வீரமெல்லாம் இல்லை. மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலை உருவியது, பன்னிரண்டு சாக்கு, பதினான்கு வருடம், வாசல் கல், கிணற்று மேடு. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் மறைச்சாங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் தம்பி கொண்டுவரும் சீர் என்றால் என்ன என்று சொல்லப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அவர் படிவத்தை எடுத்துப் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். தொழிற்சாலை வாசலையே மிதிக்காத பெண்களுக்கு இது வருவது இப்படித்தான், இந்த மாதிரி ஒவ்வொரு விவரமும் எங்களுக்குத் தேவை என்றார். பிறகு, "அந்த மகளை நீங்க கூட்டிட்டு வரணும்" என்றார்.

பாகலூருக்குப் போய் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். நான் முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நான் ஸ்கூல்ல ஓடினது அந்தச் சாக்குலயா மாமா?"

"ஆமாம்மா."

எழுந்து போய் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தை பிறப்பதற்கு ரொம்ப வருடம் முன்பே சாக்குகள் மண்ணுக்குள் போய்விட்டன என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. "நீங்க கெளம்புங்க மாமா" என்றாள். அக்கா சொன்னது சரியாகத்தான் போயிற்று.

அவள் மருத்துவமனைக்குப் போனாள். என்னோடு வரவில்லை, புருசனோடு போனாள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறோம், கோப்பில் எழுதியாகிவிட்டது என்று மருத்துவர்தான் எனக்குப் போனில் சொன்னார். என் போனை அவள் எடுப்பதில்லை. முதல் பொங்கல் துக்கத்தில் போயிற்று. தலைத் திவசத்துக்கு வந்தவள் படத்துக்கு முன்னால் நின்றாள், சாப்பிடாமல் போய்விட்டாள். இந்த இடைவெளியில் நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று நினைக்காத நாள் இல்லை. சத்தியத்தை மீறினவன் என்று அக்காவிடம் ஒரு பக்கம் கெட்ட பேர், சொல்லாமல் இருந்தவன் என்று மகளிடம் ஒரு பக்கம். சரி, இருக்கட்டும். கோப்பில் அந்த ஒரு வரி இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்குப் போவதா வேண்டாமா என்று மனைவியிடம் கேட்டேன். "தொறக்கலைன்னா வாசல்ல வெச்சுட்டு வாங்க" என்றாள். புடவை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து. எல்லாவற்றையும் கடையில் வாங்கின ஒரு புதுத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து தரையில் வைத்தாள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். புடவையை எடுத்தபோது மட்டும், அவள் அம்மா செய்வது மாதிரியே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பை காலியானது. அதை அவள் உதறவில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி வைத்து மெதுவாக நாலாக மடித்தாள். புதுப் பை. கல்நாரின் காற்றுகூடப் பட்டிருக்காத பை. அதை என் கையில் கொடுத்தாள்.

"சீரு எங்கம்மா ஊட்டுது, வெச்சுக்கறேன். பை வேணாம் மாமா, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அடுத்த வருசம் தட்டுல வெச்சுக் கொண்டாங்க."